முன்பு கணக்கு எழுதினோம், இப்போது விளக்கம் எழுதுகிறோம்

திருப்பூரில் ஆடிட்டர் ஆபீசில் வேலை என்று சொன்னால், இப்போதெல்லாம் எதிரில் இருப்பவர் கேட்கும் அடுத்த கேள்வி, "ஏஐ வந்துருச்சே, உங்க வேலையெல்லாம் இனி இருக்குமாங்க?" என்பதுதான். கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், பேங்க் கியூவில் கேட்கிறார்கள், பல் டாக்டர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே கேட்டார், பதில் சொல்ல முடியாத நிலையில். வேலை இருக்கிறது. முன்பைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் நான் சேர்ந்தபோது கற்றுக்கொண்ட வேலை அதில் கால்வாசி கூட இல்லை.

நான் சேர்ந்தது ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலம். பனியன் கம்பெனியிலிருந்து பில் கட்டு ஒரு கட்டைப்பையில் வரும். நூல் பில், நிட்டிங் பில், டையிங் பில், அட்டைப்பெட்டி பில், டெம்போ வாடகைச் சீட்டு எல்லாம் கலந்து கிடக்கும். அதைத் தேதிவாரியாக அடுக்கி, பஞ்ச் போட்டு, ஒவ்வொன்றாக டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றுவோம். பேங்க் ஸ்டேட்மென்ட் பிரிண்ட் எடுத்து ஸ்கேலை வைத்து வரிவரியாக டிக் அடிப்போம். டோட்டல் இடித்தால், வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார் என்பார் சீனியர் அண்ணன். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ 54-ஐ 45 என்று மாற்றி அடித்திருக்க வாய்ப்பு இருக்கிறது, அதைத் தேடு. இந்த மாதிரி கைவைத்தியங்கள் நிறைய இருந்தன. அவற்றில் பாதிக்கு இப்போது வேலையே இல்லை, ஏனென்றால் எண்ணைக் கையால் அடிப்பதே குறைந்துவிட்டது.

எல்லோரும் ஏஐ பற்றிக் கேட்கிறார்கள், ஆனால் எங்கள் வேலையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது அது இல்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததே, அப்போது ஆரம்பித்த விஷயம் இது. அதற்கு முன்னால் வரிசை இப்படி இருந்தது: வியாபாரி வியாபாரம் செய்வார், நாங்கள் கணக்கு எழுதுவோம், கணக்கிலிருந்து ரிட்டர்ன் போடுவோம், அரசாங்கம் அதைப் பிறகு எப்போதாவது பார்க்கும், அல்லது பார்க்காமலே போகும். இப்போது அரசாங்கத்திடம்தான் கணக்கு முதலில் போய்ச் சேர்கிறது. விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னைப் போட்ட உடனே வாங்கியவருடைய ஜிஎஸ்டி போர்ட்டலில் அந்த பில் தெரிகிறது. ஆரம்பத்தில் அதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். 2019 அக்டோபரில், போர்ட்டலில் தெரியும் கிரெடிட்டுக்கு (வாங்கும்போது கொடுத்த வரி, நாம் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்வது) மேல் 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், அப்புறம் 10, அப்புறம் 5. 2022 ஜனவரியிலிருந்து அதுவும் போய், போர்ட்டல் மாதாமாதம் தரும் 2பி பட்டியலில் இருந்தால்தான் அந்த கிரெடிட், இல்லாவிட்டால் கிடையாது என்று ஆகிவிட்டது. கையில் பில் இருக்கிறது, சரக்கு வந்திருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று, ஆனால் விற்றவர் ரிட்டர்ன் போடவில்லை என்றால் அந்த வரி நம் கிளையண்ட் தலையில்தான்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மாதம் 14-ஆம் தேதி 2பி வரும். அதை டவுன்லோட் செய்து, டேலியிலிருந்து பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை எடுத்து, இரண்டையும் மேட்ச் செய்யும் சாஃப்ட்வேரில் போட்டால், முன்பு இரண்டு பேர் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்த வேலை டீ வருவதற்குள் முடிந்துவிடும். பில் நம்பரை ஒருவர் "024/25-26" என்றும் இன்னொருவர் வெறும் "24" என்றும் போட்டிருந்தால் கூட, தேதியையும் தொகையையும் பார்த்து இது அதுவாக இருக்கலாம் என்று தனியாக எடுத்துக் காட்டுகிறது. நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். கடைசியில் ஒரு பத்துப் பதினைந்து வரி மட்டும் சிவப்பில் நிற்கும். 14-க்கும், வரி கட்டி 3பி ரிட்டர்ன் போட வேண்டிய 20-க்கும் நடுவில் எங்கள் உயிரை வாங்குவது அந்த வரிகள்தான்.

ஒரு மாதம் டையிங் பில் ஒன்று அப்படி நின்றது. சாயம் போட்ட கூலி (ஜாப் ஒர்க்) 4,00,000 ரூபாய், 5 சதவீதம் வரி 20,000. எங்கள் கிளையண்ட் பணம் கொடுத்துவிட்டார். டையிங்காரர் ரிட்டர்ன் போட்டதாகச் சத்தியம் செய்கிறார், போர்ட்டலைப் பார்த்தால் போட்டுத்தான் இருக்கிறார். ஆனால் 2பி-இல் காணோம். அங்கே கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு போன் போட்டேன்.

"தம்பி, நான் எல்லா பில்லும் ஏத்திட்டேன், டோட்டல் டேலி ஆகுது பாருங்க."

"டோட்டல் சரிதாங்க்கா. எந்த ஜிஎஸ்டி நம்பர்ல போட்டிருக்கீங்கன்னு மட்டும் பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்துக்கொண்டே, "அட, இது அவங்க தம்பி கம்பெனி நம்பராச்சே" என்றார். எங்கள் கிளையண்ட், அவர் தம்பி இருவருக்கும் ஒரே வீதியில் கம்பெனி, பெயரிலும் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். இரண்டு பேருக்கும் துணி சாயம் போடுவது இந்த டையிங்காரரே. அவர் டர்னோவர் 5 கோடிக்குக் கீழே என்பதால் இ-இன்வாய்சும் (அரசு போர்ட்டலில் பதிவு செய்து போடும் பில்) கிடையாது, பில் கையால் அடித்தது. அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்தினார், கிரெடிட் ஒரு மாதம் தள்ளி வந்தது. அதற்குள் எங்கள் கிளையண்ட் 20,000 ரூபாயைப் பணமாகக் கட்டினார், அண்ணன் தம்பிக்குள் ஒரு சின்ன மனஸ்தாபமும் ஆயிற்று. பில் காணோம் என்று சாஃப்ட்வேர் சொன்னது சரிதான். அந்த வீதியில் அப்படியொரு தம்பி இருக்கிறார் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

எக்செலும் டேலியும் தெரிந்தால் போதும் என்று வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதைத்தான். உங்களுக்கு இப்போது முக்கியமான மெஷின் போன்தான். யாரிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று தெரிய வேண்டும்.

பேங்க் என்ட்ரி கதை இன்னும் வேடிக்கை. ஸ்டேட்மென்டை பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் போதும், அதுவே படித்து, லெட்ஜர் பிரித்து, டேலிக்குள் தள்ளிவிடும் கருவிகள் வந்துவிட்டன. போன மாதம் நீங்கள் எதை எந்தத் தலைப்பில் போட்டீர்கள் என்று பார்த்து இந்த மாதம் அதுவாகப் போட்டுவிடும். கம்பெனிக்கு ஒரு கரண்ட் அக்கவுண்ட், வீட்டுக்கு ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் என்று ஒழுங்காக வைத்திருக்கும் முதலாளிக்கு இது சொர்க்கம். நம் ஊரில் அப்படி எத்தனை பேர்? டெய்லர் சம்பளம், பால் கணக்கு, குலதெய்வக் கோயில் நன்கொடை, மச்சானுக்குக் கொடுத்த கைமாற்று, எல்லாம் ஒரே போனிலிருந்து ஒரே அக்கவுண்டில் ஜிபே. ஒரு முதலாளியின் பையனுடைய ஸ்கூல் ஃபீஸை அந்தக் கருவி அழகாக "ஸ்டாஃப் டிரெயினிங்" செலவில் வைத்திருந்தது. பெயரில் அகாடமி என்று இருந்ததால் வந்த வினை. அது முதலாளி சொந்தச் செலவுக்கு எடுக்கும் டிராயிங்ஸ் கணக்கில் போக வேண்டியது. புதிதாக வந்த பையன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே ஓகே கொடுத்துவிட்டான். அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. நாங்கள் பில் ஒவ்வொன்றையும் கையில் தொட்டோம், பனியன் கம்பெனி எதற்கெல்லாம் செலவு செய்யும் என்பது அப்படியே மண்டையில் ஏறியது. ஐந்து பேர் தைக்கும் யூனிட் ஸ்டாஃப் டிரெயினிங்குக்கு லட்ச ரூபாய் செலவு செய்யாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இவனோ முதல் நாளிலிருந்தே முடிந்த வேலையைத்தான் பார்க்கிறான். போதாக்குறைக்கு 2023 ஜூலையிலிருந்து, சிஏ படிப்பவர்கள் ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகிவிட்டது. அடிமட்ட வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அந்த வேலையில்தான் நாங்கள் தொழில் பழகினோம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இப்போது எங்கள் ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன கிளையண்டின் பில் கட்டைக் கொடுத்து, கருவி எதுவும் இல்லாமல் ஒரு மாதக் கணக்கை ஏற்றச் சொல்கிறோம். அவர்களுக்கு இது ராகிங் மாதிரி தெரிகிறது. தெரியட்டும்.

வருமான வரிப் பக்கமும் இதே கதைதான். நம்மைப் பற்றி வரித்துறை திரட்டி வைத்திருக்கும் தகவல் பட்டியலான ஏஐஎஸ் 2021 நவம்பரில் வந்தது. அதைத் திறந்தால் எஃப்டி வட்டி, மியூச்சுவல் ஃபண்ட் விற்றது, நிலம் வாங்கியது எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். "இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று சந்தேகத்தோடு என்னைப் பார்த்த கிளையண்டுகள் உண்டு, ஏதோ நான் அவர் வீட்டு பீரோவைத் திறந்த மாதிரி. முன்பு கிளையண்ட் சொன்னதை நாங்கள் எழுதினோம். இப்போது அவர் சொல்ல மறந்ததை நாங்கள் அவருக்குச் சொல்கிறோம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஆடிட் டிரெயில் உள்ள சாஃப்ட்வேர்தான். எந்த என்ட்ரியை எப்போது, யார் மாற்றினார்கள் என்று அதில் பதிவாகிவிடும், அதை அணைத்து வைக்கக் கூடாது, ஆடிட்டரும் தன் ரிப்போர்ட்டில் அதைப் பற்றி எழுத வேண்டும். செப்டம்பர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து மார்ச் 31 தேதி போட்டு "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாங்க" என்று செய்துகொண்டிருந்த கைவேலைகளுக்கு இது பெரிய அடி. இதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. முதலாளியிடம் முடியாது என்று சொல்ல முடியாமல் நாங்கள் நெளிந்த இடத்தில் இப்போது சாஃப்ட்வேரைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

சரி, ஏஐ. எங்கள் ஆபீசில் அது அதிகம் உதவுவது வரித்துறை நோட்டீசுக்குப் பதில் எழுதுவதில். 2020-இல் வருமான வரியில் ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் வந்த பிறகு, பெரும்பாலான கேஸ்களில் அதிகாரியை நேரில் பார்த்து "சார், அது இப்படி ஆயிருச்சு" என்று பேசிப் புரியவைக்கும் வழி அடைபட்டுவிட்டது. எதுவானாலும் எழுதி அப்லோட் செய்ய வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த எங்களில் பலருக்கு விஷயம் தெரியும், எழுதத்தான் கை நடுங்கும். இப்போது விஷயத்தைத் தமிழிலேயே சொல்லி, பதிலை எழுதித்தரச் சொல்லி வாங்குகிறார்கள். அந்த வகையில் எங்கள் மாதிரி ஆட்களுக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டி-ஷர்ட்டுக்கு என்ன வரி என்று ஒரு பெண் அதில் கேட்டாள். 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று அடித்துச் சொன்னது. 2025 செப்டம்பர் 22-இலேயே அது மாறி, 2,500 வரை 5, அதற்கு மேல் 18 என்று ஆகிவிட்டது. ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்ததால் அவளுக்கே தெரிந்துவிட்டது, வேறு ஏதாவது சரக்காக இருந்திருந்தால் பில் அப்படியே போயிருக்கும். இன்னொரு ஆபத்து, இல்லாத தீர்ப்புகளை நம்பரோடு சொல்வது. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயமே இப்படி இல்லாத தீர்ப்புகளைக் காட்டி ஒரு உத்தரவு போட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. அதனால் எங்களிடம் ஒரு கட்டுப்பாடு: தீர்ப்பின் நகலைத் திறந்து படித்துப் பார்க்காமல் பதிலில் சேர்க்கக் கூடாது. அதேபோல கிளையண்டின் பேன் நம்பர், பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் இலவசக் கருவியில் போடக் கூடாது. முதல் கட்டுப்பாட்டை எல்லோரும் மதிக்கிறார்கள். இரண்டாவதை டியூ டேட் நெருங்கும்போது எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்று கேட்டால் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஃபீஸ் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. "பட்டனைத் தட்டினா ரிட்டர்ன் போகுது, இதுக்கு எதுக்குங்க ஏத்தறீங்க?" என்று கேட்கிறார்கள். கணக்கு எழுதியபோது மேஜையில் கட்டுக்கட்டாக லெட்ஜர் தெரிந்தது, வேலை கண்ணுக்குத் தெரிந்தது. அந்த 20,000 ரூபாய்க்கு நாலு போன் பேசியதை எந்த பில்லில் எழுதுவது? சாஃப்ட்வேருக்கு வருஷச் சந்தா கட்டுவதும் நாங்கள்தான். வேகமாக வேலை முடிந்தால் ஃபீஸ் குறைய வேண்டும் என்று நினைப்பது நியாயம்போலத் தெரிகிறது, ஆனால் சிவப்பில் நிற்கும் வரிகளுக்கு எந்த வேகமும் வரவில்லை.

இப்போதைய தலைவலி தேதி. 2025 ஜூலை மாத ரிட்டர்னிலிருந்து, ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டிய விற்பனை வரி அப்படியே 3பி-க்கு வந்து பூட்டிக்கொள்கிறது. முன்பு போல 20-ஆம் தேதி 3பி-இல் எண்ணை மாற்றிச் சரிசெய்ய முடியாது. தவறு இருந்தால் 1ஏ என்ற தனிப் படிவத்தில் 3பி போடுவதற்கு முன்பே திருத்த வேண்டும், அதிலும் வாங்கியவரின் ஜிஎஸ்டி நம்பரை மாற்ற வழியில்லை. ஆக, கடைசி நேர ஓட்டம் 20-இலிருந்து, ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டிய 11-க்கு முன்னேறிவிட்டது. மாதம் 5-ஆம் தேதிக்குள் சேல்ஸ் பில் முழுக்க வந்துவிட வேண்டும் என்று எல்லாக் கிளையண்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறோம். பாதிப்பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். மீதிப்பேர், "பார்க்கலாங்க, இந்த மாசம் ஷிப்மென்ட் டைட்டு" என்கிறார்கள். அவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.