வாளை கௌவிய மாம்பழமும் என் விடைத்தாளும்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு முதல் தாளின் பாடத்திட்டத்தில் ஒரு வரி கண்ணில் பட்டிருக்கும். உள்ளுறை, இறைச்சி, தொன்மம், ஒட்டுருவகம், அங்கதம், மெய்ப்பாடு, படிமம், குறியீடு, இருண்மை என்று கவிதை உத்திகளைக் குறிக்கும் ஒன்பது சொற்கள் வரிசையாக நிற்கும். முதல் முயற்சியில் இந்த ஒன்பதுக்கும் வரையறை, ஆளுக்கொரு மேற்கோள் என்று அழகான குறிப்பேடு ஒன்று தயாரித்தேன். தலைகீழாக ஒப்பிக்கும் அளவுக்குப் படித்தேன். அந்த ஆண்டு இரண்டு தாள்களில் எதிலும் நூறைத் தொடவில்லை. ஒவ்வொரு தாளும் 250 மதிப்பெண்ணுக்கு என்பதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

எங்கே சறுக்கினேன் என்பது குறுந்தொகையின் எட்டாம் பாட்டை மறுபடி படித்தபோதுதான் விளங்கியது. இரண்டாம் தாளில் குறுந்தொகையின் முதல் 25 பாட்டுகள் உண்டு. ஆலங்குடி வங்கனார் பாடிய எட்டாவது இப்படித் தொடங்கும்: "கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்." வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கௌவிக்கொள்கிறது. என் குறிப்பேட்டில் இதற்கு நேராக "மாம்பழம் = தலைவன், வாளை = பரத்தை" என்று இருந்தது. ஒரு பயிற்சி மையத்தின் அச்சிட்ட தாளிலிருந்து எடுத்தது. தேர்விலும் அதையே எழுதி, சமன்பாடு சரிதானே என்று நிம்மதியாக அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன்.

சமன்பாட்டில் பிழை இல்லை. யார் பேசுகிறார்கள் என்பதை நான் எழுதவே இல்லை. இதைச் சொல்பவள் தலைவி அல்லள், காதற்பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிய பெண். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, தலைவியின் பக்கத்தவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள். இதே வரி தலைவி வாயிலிருந்து வந்திருந்தால் வசையாகியிருக்கும். பரத்தை வாயில் அது எதிர்வாதம்: "நான் மரம் ஏறவில்லை, கல்லெறியவில்லை; பழம் தானாக விழுந்தது." வாளையை அவளே தனக்கு உவமையாக வைத்துக்கொள்கிறாள் என்பதில்தான் பாட்டின் துடுக்கு இருக்கிறது.

அதே பாட்டின் பின்பகுதியில் தலைவன் தன் வீட்டில் "ஆடிப் பாவை போல" மனைவி ஆட்டியபடி ஆடுகிறான் என்கிறாள். கண்ணாடிக்குள் தெரியும் உருவம் நாம் கை தூக்கினால் தானும் தூக்கும். இதில் "போல" இருக்கிறது, அதனால் வெளிப்படையான ஏனை உவமம். மாம்பழத்தில் "போல" இல்லை, அந்த நிலத்து மரமும் மீனுமாகிய கருப்பொருள்கள் மட்டுமே இருக்கின்றன, ஆகவே உள்ளுறை, காட்சிக்குள் மறைத்து வைத்த உவமை. தொல்காப்பியர் பிரிக்கும் இரண்டும் ஆறே அடிக்குள் அக்கம்பக்கமாகக் கிடக்கும்போது இரண்டுக்கும் தனித்தனிப் பாட்டுத் தேடி மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்!

இரண்டாம் முயற்சியில் குறிப்பேட்டைத் தூக்கி வைத்துவிட்டு, 25 பாட்டையும் மூன்று கேள்விகளோடு படித்தேன். யார் சொல்வது? யார் கேட்க? அங்கே வேறு என்ன உயிர் இருக்கிறது? மூன்றாவது கேள்வி விளையாட்டாகத் தோன்றும். கபிலரின் 25ஆம் பாட்டைப் பாருங்கள். தலைவன் தன்னை மறைவில் கூடிய நாளை நினைத்துத் தலைவி "யாரும் இல்லைத் தானே கள்வன்" என்று தொடங்குகிறாள். அவன் சொன்ன சொல் தவறினால் நான் என்ன செய்வேன் என்கிறாள். கடைசி அடியில்தான் "குருகும் உண்டு", ஒரு நாரையும் இருந்தது, என்று நினைவுக்கு வருகிறது. அந்தக் குருகும் ஓடுகிற நீரில் ஆரல்மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றது. அந்த "உம்" ஒன்றுக்காகவே ஒரு பத்தி எழுதலாம். யாருமே இல்லை என்றவள், இருந்த ஒரே சாட்சியைச் சேர்த்துக்கொள்கிறாள். சாட்சியோ வேறு எங்கோ பார்த்திருக்கிறது.

பரதநாட்டியம் கற்ற என் தங்கையிடம் இதைச் சொல்லி, "நீ ஆடினால் எப்படிக் காட்டுவாய்?" என்று கேட்டேன். சமையலறையிலேயே நின்று காட்டினாள். ஒரு கையின் மேல் மறு கையை வைத்துக் கட்டைவிரல்களை அசைத்து மத்ஸ்ய முத்திரை பிடித்தாள். பிறகு கழுத்தை நீட்டிக் குருகாகி, கண்ணை மட்டும் அந்த மீனின் மேல் வைத்தாள். அடுத்த கணம் தலைவியாகி, குருகு நின்ற இடத்தை நிமிர்ந்து பார்த்தாள். குருகின் பார்வை கடைசிவரை தலைவி பக்கம் திரும்பவே இல்லை. இதை உள்ளுறை என்ற பெட்டிக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. பறவை அங்கே உண்மையிலேயே நின்றது. அதற்கு மேல் தலைவன் மனத்தைப் பற்றியும் அது ஏதோ சொல்கிறது. இப்படி இயற்கைக் காட்சி தரும் குறிப்புப்பொருளான இறைச்சி பற்றித் தொல்காப்பிய உரையாசிரியர்கள் இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒரே மாதிரி உரை சொல்வதில்லை. ஆகவே விடையில் "இப்படிக் கொள்ள இடமுண்டு" என்று எழுதிக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம் மட்டும்தான் பாடம். அதிலுள்ள ஆய்ச்சியர் குரவையைப் பலர் கதைச்சுருக்கமாகத் தாண்டிவிடுகிறார்கள். இசையும் கவிதையும் ஆட்டமும் ஒரே குறியீட்டில் சேரும் இடம் அது. ஆயர் சேரியில் தீய நிமித்தங்கள்: குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்ணில் நீர். கறவையும் கன்றும் துயர் நீங்கட்டும் என்று, கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர்குல முதுமகள் மாதரி குரவை ஆடச் சொல்கிறாள். ஏழு பெண்களுக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை வைக்கிறாள். அவர்களுள் குரலானவள் மாயவன், இளியானவள் பலராமன், துத்தமானவள் நப்பின்னை. சுரம் ஆளாகிறது, ஆள் தெய்வமாகிறது, வட்டமாகக் கைகோத்து ஆடுகிறது. இதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? கண்ணகி. முந்தைய காதையான கொலைக்களக் காதையிலேயே கோவலன் வெட்டுண்டுவிட்டான். படிக்கிற நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தீங்கு விலக ஆடும் ஆட்டம், தீங்கு நடந்து முடிந்த பிறகு நடக்கிறது. இளங்கோவடிகள் இதை ஒரு சொல்லாலும் சுட்டிக்காட்டுவதில்லை, காதைகளை அடுக்கிய முறையிலேயே வைத்துவிட்டார்.

பாரதியின் கண்ணன் பாட்டுக்கும் யார், யாரிடம் என்ற கேள்விகள் போதும். கண்ணன் தோழனாக, தாயாக, சேவகனாக மாறும்போது பேசுகிறவரின் குரல் எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொண்டால் சரி.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். பத்து மதிப்பெண் வினாவுக்கு 150 சொற்கள்தாம். அதில் வரையறைக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஒரு பாட்டை எடுங்கள், பேசுபவரைச் சொல்லுங்கள், ஓரடியை மட்டும் மேற்கோள் காட்டுங்கள். இரண்டாம் முறை குரவை பற்றி எழுதும்போது தாளின் ஓரத்தில் சிறு வட்டம் வரைந்து ஏழு சுரங்களைக் குறித்தேன். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி வைத்துக் "கண்ணகி" என்று எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.