மல்டிவேரியபிள் கால்குலஸை ஒருவழியா முடிச்சாச்சு

சிங்கப்பூர்ல ஜேசி (ஜூனியர் காலேஜ்), அப்புறம் ரெண்டு வருஷம் என்எஸ் (கட்டாய தேசிய சேவை), அங்கருந்து நேரா யூனில இன்ஜினியரிங். ஜேசில படிக்கற எச்2 மேத்ஸ்ல நான் ஓரளவு நல்லா பண்ணவன்தான், ஆனா ரைஃபிள் தூக்கி ஓடி ஓடி இன்டெக்ரேஷன் பை பார்ட்ஸ்லாம் மண்டைய விட்டே கழண்டு போயிருந்துச்சு, டைம்டேபிள்ல மல்டிவேரியபிள் கால்குலஸ், அதாவது ஒண்ணுக்கு மேல வேரியபிள் வர்ற கால்குலஸ்ங்கிற பேரப் பாத்தப்பவே வயித்தக் கலக்குச்சு. அடுத்த செம் எடுக்கப் போற நம்ம பசங்க நிறைய பேரு எப்படி இருக்கும்னு வாட்ஸ்அப்ல கேட்டுட்டே இருக்கீங்க, தனித்தனியா டைப் பண்ண முடியல, மொத்தமா சொல்லிடறேன்.

முதல் சில வாரம் பயப்பட ஒண்ணுமில்ல. பார்ஷியல் டெரிவேட்டிவ்னா ஒரு வேரியபிள மட்டும் நகர விட்டுட்டு மிச்சத்த நம்பர்னு நெனச்சுக்கணும், அவ்ளோதான். லிமிட்தான் கொஞ்சம் குசும்பு பிடிச்சது. ஜேசில இடது, வலதுன்னு ரெண்டு பக்கம்தான், இங்க எப்படி வேணா சுத்தி வளைச்சு வரலாம். மேல எக்ஸ் ஸ்கொயர் ஒய், கீழ எக்ஸ் பவர் 4 பிளஸ் ஒய் ஸ்கொயர், இத எடுத்துக்கோங்க. ஆரிஜினுக்கு எந்த நேர்கோட்டுல போனாலும் 0 வரும், சரி லிமிட் 0தான்னு தோணும், ஆனா ஒய் = எக்ஸ் ஸ்கொயர்ங்கிற பரபோலா வழியா போனா அரை வருது. அப்ப லிமிட்டே கிடையாது!

கிரேடியன்ட் புரியணும்னா புக்கிட் தீமா குன்றோட கான்டூர் மேப்பப் பாருங்க. நம்ம ஊர்லயே உசரமான இயற்கை இடம், அதுவே 163 மீட்டர் சொச்சம்தான். ஒரே உயரத்தக் காட்டுற கோட்டு மேல நடந்தா மூச்சு வாங்காது, அந்தக் கோட்டுக்கு 90 டிகிரில மேல ஏறுனா முட்டி கழண்டுரும். அந்த திசைதான் கிரேடியன்ட். லக்ராஞ்ச் மல்டிப்ளையரும் (ஒரு கண்டிஷனுக்குள்ள உச்சத்தக் கண்டுபிடிக்கற வழி) இதே மேப்தான், நாம நடக்குற பாதை எங்க ஒரு கான்டூர வெட்டாம ஒரசிட்டுப் போகுதோ அங்கதான் அந்தப் பாதையோட உச்சத்தத் தேடணும்.

உண்மையான அடி விழுறது டபுள் இன்டெக்ரல்ல, அதாவது ரெண்டு வேரியபிளுக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணா இன்டெக்ரேட் பண்றதுல. அதுவும் எங்கருந்து எங்க வரைக்கும்னு லிமிட் போடற எடத்துல. எங்க புளோக்குல மேத்ஸ் படிச்ச ஒரு அக்கா இருக்காங்க, வாய்ட் டெக் (புளோக்குக்குக் கீழ இருக்கற திறந்த தளம்) கல் மேசைல அவங்ககிட்ட ஒரு கணக்க நீட்டுனேன்: ஈ பவர் ஒய் ஸ்கொயர், உள்ள ஒய் எக்ஸ்லருந்து 1 வரைக்கும், வெளிய எக்ஸ் 0லருந்து 1 வரைக்கும். "தம்பி, மொதல்ல படம் போடு, அப்புறம் பேசு"ன்னாங்க. ஈ பவர் ஒய் ஸ்கொயருக்கு நமக்குத் தெரிஞ்ச ஃபங்ஷன்கள வெச்சு ஆன்டிடெரிவேட்டிவ் எழுதவே முடியாது, அதனால நேரா மோதுனா விடியிற வரைக்கும் உக்காந்திருக்கணும். அவங்க அந்த முக்கோணத்த வரைஞ்சு, நின்ன கோட்டையெல்லாம் அழிச்சுட்டு படுத்த கோடா போட்டாங்க. இப்ப உள்ள எக்ஸ் 0லருந்து ஒய், வெளிய ஒய் 0லருந்து 1. உள்ள முடிச்சா ஒரு ஒய் வந்து முன்னாடி நிக்குது, சப்ஸ்டிட்யூஷன் போட்டா (ஈ மைனஸ் 1) பை 2, கத முடிஞ்சது. "குவே லாப்பிஸ (அடுக்கடுக்கா இருக்கற பலகாரம்) வெட்டியும் சாப்பிடலாம், லேயர் லேயரா உரிச்சும் சாப்பிடலாம், குவே ஒண்ணுதானே"ன்னு சொல்லிட்டு லிஃப்ட் ஏறிட்டாங்க. அன்னிலருந்து படம் போடாம நான் எந்த இன்டெக்ரலயும் தொடல.

இன்டெக்ரல எக்ஸ், ஒய்க்குப் பதிலா தூரமும் கோணமும் வெச்சு எழுதுனா, போலார்ல (தளத்துல) அந்த எக்ஸ்ட்ரா ஆர், ஸ்ஃபெரிக்கல்ல (3டில) ரோ ஸ்கொயர் சைன் ஃபை பெருக்கணும், இத மறக்காதீங்க. ஃபிசிக்ஸ் புக்ல தீட்டாவும் ஃபையும் பெரும்பாலும் எடம் மாறி இருக்கும், யாரு இத ஆரம்பிச்சாங்களோ, கடுப்பு.

கடைசில கிரீன், ஸ்டோக்ஸ், டைவர்ஜென்ஸ்னு மூணு தியரம் வரிசையா வரும். எல்லாம் ஒரே விஷயம்தான் லா, உள்ள நடக்கறதோட மொத்தக் கூட்டலும் ஓரத்துல நடக்கறதும் சமம், ஜேசில படிச்ச இன்டெக்ரேஷனும் அதேதான், அங்க ஓரம்னா வெறும் ரெண்டு புள்ளி. ஜார்ஜ் கிரீன் நாட்டிங்ஹாம்ல மாவு மில்லுல வேலை பாத்துட்டே 1828ல தன் கட்டுரைய வெளியிட்டவர், பள்ளிக்கூடம் போனதே கொஞ்ச நாள்தான். ஸ்டோக்ஸ் தியரம் 1854ல கேம்பிரிட்ஜ் பரீட்சைல கேள்வியாவே வந்துச்சு, எழுதுனவங்கள்ல மேக்ஸ்வெல்லும் ஒருத்தர். நமக்கு அந்த லெவல்லாம் கேக்க மாட்டாங்க, ஆனா எந்தப் பக்கம் சுத்தறோம், நார்மல் (பரப்புக்குச் செங்குத்தா நிக்கற திசை) எந்தப் பக்கம் பாக்குதுன்னு மாத்திப் போட்டா மைனஸ்ல மார்க் பறக்கும்.

லெக்சர் புரியலன்னா எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேர்ல 18.02ங்கிற இதே பாடத்தோட வீடியோ ஃப்ரீ, ஜியோஜீப்ராலயும் 3டில வரைஞ்சு சுத்திப் பாக்கலாம். எங்களுக்கு ஃபைனல்ஸ்க்கு ஒரு ஏ4 ஷீட் அனுமதி, அதுல ஃபார்முலாவா ரொப்பாம பாதிக்கு மேல படமாவே வரைஞ்சு வெச்சேன், கோன், பரபோலாய்ட், சேடில்னு. பி பிளஸ் வந்துச்சு, போதும்.