யாரு கட்டுன சேல?

"டவுன்ல தையக்கடையில வாங்குன வெட்டுத்துணி ஆச்சி. புதுசுதான்."

நான் சொன்னது இவ்வளவுதான். இதில் "புதுசுதான்" என்பதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. பொய் சொல்கிறவர்களின் கை எப்போதும் தாராளம். கேட்டதற்கு மேல் ஒரு பிடி கூடப் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

ஆச்சி கேட்டது: "இது யாரு கட்டுன சேல தாயி?"

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ வார்டில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி எப்படி இருக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஒரு கையில் டிரிப் பாட்டில், வாயில் அடுத்த ஆளின் பெயர். அந்த நேரத்தில் வந்த கேள்வி. நின்று யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் யோசிக்காமல் சொன்னேன் என்பதும் முழுசாக உண்மையில்லை. அந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று தைக்கும்போதே பயந்துகொண்டிருந்தேன். பதிலும் அப்போதே தயாராகிவிட்டது போலிருக்கிறது.

ஆச்சிக்கு நான் தைத்துக் கொடுத்த போர்வையின் நடுவில் இருந்தது ஒரு கிளிப்பச்சைச் சேலையின் முந்தானை. வீரவநல்லூர்த் தறிச் சேலை, அரக்குக் கரை, உடம்பெல்லாம் சின்னச் சின்னப் புட்டா. கட்டியவர் எங்கள் வார்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு அம்மா. அவர் இறந்து பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்த பிறகு, மகள் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் பதினொரு சேலைகளைக் கொண்டுவந்து என் மேசைக்கு அடியில் வைத்தாள்.

"பாவநாசத்துக்குக் கொண்டுபோவச் சொன்னாவ சிஸ்டர். ஆத்துல விட மனசு வரல. நீங்க போர்வ தைக்கியன்னு அம்மதான் சொல்லிருக்கா."

பாவநாசம் படித்துறையில் இறங்கியவர்களுக்குத் தெரியும். இறந்தவர் துணியையும், பாவம் கழிக்க வந்தவர்கள் உடுத்தி வந்ததையும் அங்கேயே விட்டுவிடுவார்கள். தண்ணீருக்குள் கால் வைத்தால் பாசியோடு சேலையும் சுற்றும். அள்ள அள்ள வந்துகொண்டே இருக்கும். தாமிரபரணி அதை வாங்கிக்கொண்டு என்ன செய்யும், பாவம். அப்படிப் போவதற்கு ஒருத்தருக்குக் குளிர் தாங்கட்டுமே என்றுதான் வாங்கிக்கொண்டேன். இதில் தப்பு என்ன என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. அப்புறம் ஏன் "வெட்டுத்துணி" என்று சொன்னேன் என்பதற்குத்தான் என்னிடம் விடையில்லை.

போர்வை தைப்பது எனக்கு வேலையில் சேர்ந்த பிறகு வந்த பழக்கம் இல்லை. வீட்டில் அம்மா நைந்த சேலையை எறியவே மாட்டாள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, நடுவில் அப்பாவின் பழைய வேட்டியை வைத்து ஓட்டுத்தையல் போடுவாள். பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவளுக்கு அதுதான் விரிப்பு. துண்டு துண்டாக ஒட்டிப் பூப்பூவாகச் செய்யலாம் என்பதை யூடியூபில்தான் பார்த்தேன். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் 'கவந்தி' என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ஒரு பூ. அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். நானும் ஓரத்திலிருந்துதான் தைக்கிறேன், மூலையில் பூவும் வைக்கிறேன். துணியை இழுத்து மாட்டச் சட்டம் எதுவும் வேண்டாம், மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்த்தபடியே தைக்கலாம். டூட்டி முடிந்த ராத்திரிகளில் ஒரு போர்வைக்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும்.

வார்டுக்குக் கொண்டுவர அனுமதி கேட்டபோது எங்கள் பொறுப்பு சிஸ்டர் நிறைய நிபந்தனை போட்டார்கள், எல்லாம் நியாயமானவை. ஒரு நோயாளிக்கு ஒரு போர்வை, இன்னொருவருக்கு மாற்றக் கூடாது. மருந்து ஏறி ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும், சின்னக் கிருமியும் அப்போது பெரிய ஆள். அதனால் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் மொறுமொறு என்று காய்ந்த பருத்தி மட்டும். இலவம்பஞ்சு வேண்டாம், துவைத்தால் கட்டி கட்டியாகத் திரளும். நீளம் தரையில் இழுபடக் கூடாது. ஊசி ஏறும் கை எப்போதும் போர்வைக்கு வெளியே இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சிவப்பு மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையே வெந்துவிடும், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். (அந்த மருந்துக் கூட்டுக்கு டாக்டர்கள் சுருக்கமாக 'ஏசி' என்பார்கள். "இன்னைக்கு உங்களுக்கு ஏசி" என்று சொன்னதும் "ஏற்கெனவே வெறைக்கு, இன்னுமா போடப் போறிய?" என்று ஒருவர் கேட்டது இன்றும் எங்களுக்குச் சிரிப்பு.)

யார் கட்டிய துணி என்பது பற்றி அந்த நிபந்தனைகளில் ஒரு வரியும் கிடையாது. நானும் கேட்கவில்லை.

ஆச்சி கல்லிடைக்குறிச்சிப் பக்கம். மொத்தம் எட்டு முறை, மூன்று வாரத்துக்கு ஒன்று. முதல் நான்கு சிவப்பு மருந்து, பின் நான்கு பேக்ளிடாக்செல். நான் போர்வையைக் கொடுத்தது ஆறாவது தடவை. அதற்குள் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது, ஜாக்கெட் ஊக்கு மாட்ட மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேக்ளிடாக்செல் செய்கிற வேலை அது.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் இந்த இடம் மாறவே இல்லை. ஆச்சி போர்வையை வாங்கினார்கள். விரலால் தடவினார்கள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை போல. அந்தப் பச்சை முந்தானைத் துண்டை அப்படியே தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம். அப்புறம்தான் கேட்டார்கள், யாரு கட்டுன சேல என்று.

அறுபது வருஷம் சேலை கட்டி, துவைத்து, கஞ்சி போட்டு, காயப்போட்ட மனுஷி. புதுத்துணிக்கும் நூறு தடவை துவைத்த துணிக்கும் கன்னத்துக்கு வித்தியாசம் தெரியாதா? வெட்டுத்துணி என்று நான் சொன்னது பொய் என்பது சொன்ன நிமிஷமே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். "அப்படியா, சரி" என்றார்கள். போர்த்திக்கொண்டார்கள். அவில் ஊசி போட்டிருந்தோம், சீக்கிரமே தூங்கிவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்குத் திருப்திதான். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? இது போன மாதம் இதே வியாதியில் செத்துப்போன ஒருத்தியின் சேலை என்று, மருந்து நரம்பில் இறங்கிக்கொண்டிருக்கிற ஒரு கிழவியிடம் சொல்ல முடியுமா? ஒரு கறுப்புத் துண்டு இருந்ததற்கே "இது ஆகாது சிஸ்டர்" என்று போர்வையைத் திருப்பித் தந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பயந்த ஆளுக்குப் பயத்தைப் போர்த்த முடியாது. நான் செய்தது சரி.

அப்படித்தான் இருந்தேன், எட்டாவது தடவை வரை.

கடைசி ஊசி முடிந்து கிளம்பும்போது ஆச்சி ஒரு மஞ்சப்பையை நீட்டினார்கள். உள்ளே போர்வை. துவைத்து, மடித்து, மேலே ஒரு கொத்து வேப்பிலை.

"வீட்டுக்குக் கொண்டு போங்க ஆச்சி, உங்களுக்குத்தான்" என்றேன்.

"வேற யாருக்காவது குடு தாயி. கடைத் துணிதான, யாருக்கும் ஆவும்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்று கணக்கில்லை. சாதாரணமாகச் சொன்னால் சாதாரணம்தான்: கடைத் துணி, வேறு யாருக்காவது உதவட்டும். 'தான'வில் கொஞ்சம் அழுத்தினால் நான் மாட்டிக்கொண்டேன். அவர்கள் அழுத்தினார்களா? அந்த நேரம் பார்த்து பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றும் பம்ப் கத்த ஆரம்பித்துவிட்டது. நான் திரும்பிவிட்டேன்.

ராத்திரி வீட்டில் போர்வையை விரித்தேன். பச்சை முந்தானைத் துண்டு ஓரத்தில் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தைக் கருநீல நூலால் தைத்திருந்தார்கள். தையல் என்று சொல்ல முடியாது. ஒன்று அரை அங்குலம், அடுத்தது அரிசி அளவு, சில இடத்தில் ஒரே ஓட்டையில் இரண்டு தடவை ஊசி போயிருக்கிறது. ஊக்கு மாட்ட முடியாத விரல். ஊசி குத்தினாலும் தெரியாத விரல்.

பழந்துணி கிழியத்தான் செய்யும். கிழிந்ததைத் தைத்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊர்ப் பெண்களின் மரியாதை. அதற்கு மேல் இதில் அர்த்தம் தேடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுநாள் போய்ப் பதிவேட்டை எடுத்தேன்.

ஆச்சியின் முதல் இரண்டு செவ்வாயிலும் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. ஒரே நாள், ஒரே காலை. எந்த நாற்காலி என்று நாங்கள் எழுதுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்களா, பேசிக்கொண்டார்களா, அந்தப் பச்சைச் சேலையை அந்த அம்மா அப்போது கட்டி வந்தாரா, எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஒரு நாளைக்கு இருபது பேர். எனக்கு நினைவிருப்பது நரம்புகள்தான். யாருக்கு எந்தக் கையில் ஊசி ஏறாது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

அப்படியானால் அந்தக் கேள்வி பயத்தில் வந்ததா, அல்லது 'அவ சேலதான இது, சொல்லேன்' என்று கேட்டதா? நான் பயம் என்றே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் பயம் என்னிடம் இருந்தது. ஆச்சி அடுத்த நாற்காலிக்காரி என்ன ஆனாள் என்று ஒரு தடவையும் என்னிடம் கேட்டதில்லை. யாருமே கேட்பதில்லை. நாற்காலி காலியானால் காலி, நாங்களும் வாய் திறப்பதில்லை. ஒருவேளை அந்த ஒரு கேள்வியில்தான் ஆச்சி அதைக் கேட்டார்களோ என்னவோ. அல்லது நான் ராத்திரி தூக்கம் வராமல் கட்டுகிற கதையோ.

நர்ஸிங் படிக்கும்போது எய்ட்ஸ் பாடத்தில் ஒரு படம் காட்டினார்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டன் மைதானத்தில் விரித்த போர்வை. ஒரு துண்டு மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு. அப்படி 1,920 துண்டுகள். இறந்தவர்கள் போட்ட சட்டை, ஜீன்ஸ் எல்லாம் அதில் தைத்திருந்தார்கள், பெரிய எழுத்தில் அவரவர் பெயரும். பெயரை மறைக்கக் கூடாது என்பதற்காகவே தைத்தது அது. ஆனால் அதை யாரும் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் ஒரு முயற்சி செய்தேன். அடுத்த போர்வையைக் கொடுக்கும்போது, கேட்காமலே, "இது ஒரு அம்மா கட்டின சேலை, இங்கே வந்துகிட்டிருந்தவங்க" என்றேன். வாங்கின பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "இப்ப வரலையா?" என்றாள். நான் நின்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. போர்வையை மடித்து மடியிலேயே வைத்திருந்தாள், மூன்று மணி நேரமும் போர்த்தவில்லை. பல் கிட்டியது. கடைசியில் ஆஸ்பத்திரி போர்வை ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன். ஒரு ஆள் போர்த்தவில்லை என்பதால் உண்மை தப்பாகிவிடாது, ஆனால் குளிர் குளிர்தானே.

ஆச்சியின் போர்வையை யாருக்கும் கொடுக்க முடியாது, ஒரு நோயாளிக்கு ஒன்று என்பது விதி. என் பீரோவில் கீழ்த்தட்டில் இருக்கிறது. அந்தக் கருநீலத் தையலைப் பிரித்து ஒழுங்காகப் போடலாமா என்று ஊசியை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

போன வாரம் மூன்று மாதப் பரிசோதனைக்கு வரச் சொல்லி வார்டு போனில் கூப்பிட்டேன். ஆச்சிதான் எடுத்தார்கள். நல்லாருக்கேன், முடி முளைச்சிட்டு, வெரல்தான் இன்னும் மரமரங்கு என்றார்கள். தேதியைச் சொன்னேன். இன்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டிருந்தேன். அதற்குள் அவர்கள் கேட்டார்கள்.

"அந்தப் போர்வய யாருக்குத் தாயி குடுத்த?"

"ஒரு அக்காவுக்குக் குடுத்தேன் ஆச்சி."

"குளிருக்குத் தாங்குதா அவளுக்கு?"

"நல்லாத் தாங்குது" என்றேன்.