மூன்று வாரம் கெடாத பிஸ்கட்

இனிப்பைக் குறைத்து, மசாலா சேர்த்துச் சுடும் பிஸ்கட் நீண்ட நாள் கெடாது என்பது அடுப்பைப் பொறுத்தவரை உண்மைதான். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதற்கு இன்றுவரை எந்தச் சான்றும் கிடைக்கவில்லை.

அளவு எளியது. 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 60 கிராம் பொடித்த சர்க்கரை ஆகியவற்றோடு சுக்குத்தூளும் பட்டைத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஏலக்காய்த்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூளும் உப்பும் ஒவ்வொரு சிட்டிகை, பிசைவதற்கு வேண்டிய மட்டும் பால். கிராம்புத்தூளைக் கால் தேக்கரண்டிக்கு மேல் போகவிடக் கூடாது. பல்வலிக்கு உதவும் யூஜினால் அதில் இருப்பதால், அளவு மிஞ்சினால் தின்பவரின் நாக்கு மரத்துப்போய்க் குறை சொல்லக்கூட எழாது. (அந்த ஆசை எனக்கு வராமல் இல்லை.)

சர்க்கரை குறையும்போது பிஸ்கட் பரவுவதும் சிவப்பதும் குறைந்துவிடும் என்பதால், அடுப்புக்குள் எட்டிப் பார்க்கும் ஒவ்வொருவரும் "இன்னும் வேகவில்லையே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். அவர்களைப் பொருட்படுத்தாமல், மாவை அரை சென்டிமீட்டருக்கும் மெல்லியதாகத் தேய்த்து வெட்டி, 160 டிகிரி வெப்பத்தில் 20 முதல் 25 நிமிடம் வரை நிதானமாக உலர விடுவதில்தான் கெடாமையின் சூட்சுமம் இருக்கிறது. பிறகு முழுவதுமாக ஆறிய பின்னரே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி வியர்த்து, மொறுமொறுப்பு அன்றைக்கே போய்விடும். அப்படி ஆற வைத்து அடைத்து, "மூன்று வாரம்" என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டினேன்.

முதல் நாள் தீர்ப்பு கடுமையாக இருந்தது. "இது பலகாரமா, சளிக்கு மருந்தா?" என்று மாமியார் கேட்டார். "நன்றாகத்தான் இருக்கிறது, சர்க்கரையை எப்போது போடுவாய்?" என்றார் கணவர். மகன் ஒன்றும் சொல்லாமல், கடித்த பாதியைத் தட்டிலேயே திருப்பி வைத்தான். மசாலாவின் வாசனை எண்ணெய்கள் வெண்ணெயில் கலந்து படிய ஓரிரு நாள் ஆகும் என்று நான் விளக்கியதை எவரும் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. எவரும் தொடாத பண்டத்தைவிடப் பத்திரமாக இருக்கக்கூடியது உலகில் வேறென்ன உண்டு?

வாசனை படிந்த பிறகுதான் விபரீதம் தொடங்கியது. தேநீரோடு ஒன்றை எடுத்த மாமியார், "இதில்தான் சர்க்கரையே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதை எடுத்தார். முதல் நாள் குற்றச்சாட்டாக இருந்த அதே வாக்கியம் அனுமதிச் சீட்டாக மாறியதை நான் கண்ணால் கண்டேன். நல்ல இனிப்பு பிஸ்கட் என்றால் மூன்றாவதில் திகட்டிவிடும், கையும் தானாக நின்றுவிடும். இதற்கோ அந்தக் கடிவாளமே கிடையாது. கணவர் அறிவியல் வழியைத் தேர்ந்தெடுத்தார். மொறுமொறுப்பு குறைந்துவிட்டதா என்று சோதிப்பதற்காக வேளைக்கொரு முறை டப்பாவைத் திறந்து ஒன்றை உடைத்துத் தின்று, "இன்னும் கெடவில்லை" என்று அறிவித்தார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரக்காற்று உள்ளே போகும், அதனால்தான் பிஸ்கட் நமுத்துப்போகும் என்று எடுத்துச் சொன்னேன். அப்படியானால் இன்னும் அடிக்கடி சோதிப்பதுதான் முறை என்று முடிவு செய்துவிட்டார். மகன் இந்த விவாதங்களில் கலந்துகொள்ளவில்லை. அவன் சட்டைப் பையில் மட்டும் பட்டை வாசனை வந்தது.

நமுத்த பிஸ்கட்டை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் மொறுமொறுப்பாகும் என்பதையும் தெரிந்துவைத்துக் காத்திருந்தேன். நமுப்பதற்கு ஒரு பிஸ்கட்டாவது மிஞ்சியிருந்தால் அந்த அறிவு பயன்பட்டிருக்கும். முதல் வாரம் முடிவதற்குள் டப்பாவின் அடியில் தூள்கூட இல்லை. காலி டப்பாவை என்னிடம் நீட்டிய மாமியார் மிகுந்த அக்கறையோடு சொன்னார்: "அடுத்த முறை சர்க்கரையை இன்னும் கொஞ்சம் குறைத்துவிடும்மா, பயப்படாமல் சாப்பிடலாம்."