மினூஸ் பார்த்த வாரம்

2025 ஜூன் 7, சனி

அக்கா மகனுக்காக 'மினூஸ்' போட்டேன். 2001இல் வந்த டச்சுப் படம், இயக்கம் வின்சென்ட் பால். ரசாயனக் கழிவைக் குடித்துவிட்டுப் பெண்ணாக மாறிப்போன ஒரு பூனையின் கதை. பையனுக்கு மினூஸைப் பிடித்துவிட்டது. எனக்கு டிப்பேவை. கில்லன்டோர்ன் என்ற சின்ன ஊரின் பத்திரிகை நிருபர். மகா கூச்சக்காரன், நாலு பேரிடம் போய்க் கேள்வி கேட்க வாய் வராது. அதனால் பூனைகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறான், வேலை போகும் நிலை. இப்படி ஒருவர் நான் வேலை பார்த்த இடத்திலும் இருந்தார். அவர் மழையைப் பற்றியே எழுதுவார்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே மறுபடி பார்க்க வேண்டுமாம். சரி என்று உட்கார்ந்தேன். இந்த முறை மினூஸாக நடித்த காரிஸ் ஃபான் ஹௌட்டனை மட்டும் கவனித்தேன். பூனை வேஷம் என்றால் நகத்தைக் காட்டிச் சீறுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் அப்படி எதுவும் செய்யவில்லை. சட்டென்று கழுத்தைத் திருப்புகிறார், நாய் குரைத்தால் மரத்தில் இருக்கிறார், அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு தூங்குகிறார். அதுவும் ரொம்ப நாகரிகமான இளம்பெண்ணின் முகத்தோடு! இதற்காகத்தான் நெதர்லாந்தின் திரைப்பட விருதான தங்கக் கன்றைக் கொடுத்தார்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் மெலிசாண்ட்ராவும் இவர்தான் என்றால் அக்கா நம்ப மறுக்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீஸ் போகும் வழியெல்லாம் அந்தக் கதை முடிச்சுதான் மனதில். ஊர்ப் பூனைகள் கூரையில் கூடி வம்பு பேசும். மினூஸ் அதைக் கேட்டு வந்து சொல்வாள், டிப்பே செய்தியாக்குவான். தொழிற்சாலை முதலாளி எல்லமேட் காரை ஓட்டிப் போய் ஹெர்ரிங் மீன்கடையை இடித்த கதையும் அப்படித்தான் கிடைக்கிறது. ஊருக்கே பெரிய மனிதர், போதாததற்கு விலங்கு நண்பர்கள் சங்கத் தலைவர் வேறு. பார்த்த சாட்சிகள் பூனைகள் மட்டும். டிப்பே எழுதிவிடுகிறான், வேலையும் போகிறது. குழந்தைகள் படத்தில் இதை இவ்வளவு கறாராகச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உண்மை தெரிந்தால் மட்டும் போதாது, அச்சில் ஏற ஆதாரம் வேண்டும். பிறகு அந்த ஆதாரத்துக்குப் பூனைகளும் பிபி என்ற சின்னப் பெண்ணின் கேமராவும் படும் பாடுதான் மீதிப் படம்.

ஜூன் 12, வியாழன்

1970இல் வந்த மூல நாவல் ஆனி எம்.ஜி. ஸ்மிட் எழுதியது. டச்சுக்காரர்கள் பல தலைமுறையாக அவர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1988இல் குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருதை ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் கையால் வாங்கியிருக்கிறார். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: போருக்குப் பிறகு அவர் ஆம்ஸ்டர்டாமின் 'ஹெட் பரோல்' நாளிதழில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவர். டிப்பேவின் பத்திரிகை ஆசிரியர் பேசும் பேச்சு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

ஜூன் 14, சனி

குறையும் சொல்ல வேண்டும். பூனைகளின் வாயசைவுக்குச் செய்த கணினி வேலை பழசாகிவிட்டது. எல்லமேட்டும் முதல் காட்சியிலேயே வில்லன் என்று தெரிந்துவிடுகிறார். ஊரே ஏமாறும் அளவுக்கு அவரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டியிருக்கலாம். பையனுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. ஸ்மிட்டின் இன்னொரு கதையில் லிஃப்ட் ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு பறக்கும், 1998இல் அதுவும் படமாக வந்தது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எப்போது போடுவாய் என்று இதற்குள் இரண்டு போன்.