இரண்டு சாரமும் ஒரு வள்ளக் கயிறும்

ஆனி மாதக் கச்சான் காற்றில் திருகோணமலைப் பாறைகள் காலை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கிவிடும். அதனால் விடியுமுன்பே கிளம்பினோம், ஐந்து பேர். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் அள்ளிக் குளித்துவிட்டு, அப்பால் பற்றைக்காட்டுக்குள் தெரிந்த குன்றில் ஏறினோம். இறங்கும்போது மாமாவின் மகன் சறுக்கிவிட்டான். கணுக்கால் வீங்கியது. கீழே இரண்டு ஆள் உயரத்துக்குச் சாய்ந்த, வழுவழுப்பான பாறை.

பையில் வள்ளம் கட்டும் நீலக் கயிறு இருந்தது. மலையேறுவோரின் நைலோன் கயிறு, ஆள் விழுந்தால் சற்று நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இந்தப் பொலிபுரொப்பிலீன் கயிறு அவ்வளவு நீளாது. 160 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே உருகியும்விடும். இதில் ஆளைத் தொங்கவிடக் கூடாது. உட்கார்ந்தபடி சறுக்கி இறங்குபவனைப் பின்னிருந்து பிடிக்கலாம், அவ்வளவுதான்.

இடுப்பில் மட்டும் கட்டினால் பாரம் விழும்போது மூச்சு அடைக்கும். மூதூரில் தொழில் செய்யும் பெரியப்பா சிறுவயதில் எனக்கு ஒரு முடிச்சுப் பழக்கியிருந்தார்: கயிற்றை இரட்டையாக மடித்துப் போடும், எவ்வளவு இழுத்தாலும் இறுகாத இரட்டைக் கண்ணி. தொடைக்கு ஒன்றாக இரண்டையும் மாட்டி, உள்ளே, இடுப்பில் உடுக்கும் சாரத்தை மடித்து வைத்தேன். அவன் பின்னால் சாயாமல் இருக்க மார்போடு ஒரு சுற்று. மறுமுனையை உயிருள்ள பாலை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சிறிது சிறிதாக விட்டோம். பாறை விளிம்பில் கயிறு தேயாமல் இருக்க என் பையைக் கயிற்றுக்கு அடியில் வைத்தோம்.

"மச்சான், விட்டுவிடாதே" என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கயிறு என் கையில் இருந்தது, பயமும் இருந்தது.

கீழே, பாயைச் சுருட்டிக் கணுக்காலைச் சுற்றிக் கட்டினோம். இரத்த ஓட்டம் தடைப்படவில்லை என்று அறிய, விரல்களை அசைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தோம். மூட்டிய சாரத்தின் அருமை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு சாரங்களுக்குள்ளும் இரண்டு தடிகளை நுழைத்தால் தூக்குப் படுக்கை ஆயத்தம். முதலில் நல்ல காலுள்ள ஒருவனைப் படுக்கவைத்து, ஒரு சாண் உயரம் தூக்கிப் பார்த்தோம். ஒரு தடி முறிந்தது. வேறொன்று தேட வேண்டியிருந்தது.

தொலைபேசியில் சிக்னல் கிடைத்த இடத்தில் 1990 என்ற எண்ணில் இலவச அம்புலன்ஸை அழைத்தோம். சிக்னலே கிடைக்காமல் போயிருந்தால்? அன்றிலிருந்து பைப் பட்டியில் ஒரு விசில் தொங்குகிறது. நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிட அமைதி: ஆபத்தைச் சொல்ல மலையேறுவோர் பயன்படுத்தும் அழைப்பு அது.

மாலையில் பெரியப்பா கயிற்றை முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். மரத்தில் உரசிய இடம் பளபளத்து இறுகியிருந்தது. ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து அந்தத் துண்டை வெட்டினார். "இது இனி வள்ளத்துக்கும் ஆகாது, தம்பி" என்றார்.