ரெய்வா மாமா

மதியம் தயிர்சாதத்தோடு போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு பழைய படம் வந்து நின்றது.

2019 ஏப்ரல் 1. ஜப்பான் அமைச்சரவையின் தலைமைச் செயலாளர் யோஷிஹிதே சுகா வெள்ளைப் பலகையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். புதுப் பேரரசரோடு தொடங்கும் புது யுகத்தின் பெயர், இரண்டே ஜப்பானிய எழுத்து: ரெய்வா. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. ரேஷன் கடையில் ‘இன்று சர்க்கரை இல்லை’ போர்டு மாட்ட வந்தவர் மாதிரி!

வடக்கு ஜப்பானில் அகிதாவின் ஸ்ட்ராபெரி விவசாயி மகன். லிபரல் டெமாக்ரடிக் கட்சிக்காரர்; கட்சியின் பெயரில் ‘லிபரல்’, குணத்தில் பழமைவாதம். 2012 முதல் 2020 வரை பிரதமர் ஷின்சோ அபே அரசின் வாய் இவர்தான். வேலைநாட்களில் தினம் இரண்டு முறை நிருபர்கள் முன்னால்.

பலகைக்குப் பிறகுதான் ‘ரெய்வா மாமா’ என்ற பட்டப்பெயர்.

அப்புறம் பிரதமர். ஓராண்டும் சில நாட்களும்.

2021 ஹிரோஷிமா நினைவு நாளில் உரையின் ஒரு பக்கமே விட்டுப்போனது. தாள்கள் ஒட்டிக்கொண்டனவாம்.

அடுத்தவருக்காகப் பேசுகிற வாய்க்குத் தன் பேச்சு கொஞ்சம் கனம்தானோ?